லீவு லெட்டரில் உண்மையை எழுத விடுங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு வணக்கமுங்க.

பதினாறு வருடமாக இந்த ஊரில் பிழைக்கிறேன். கைமடிக்கிற வேலையில் சேர்ந்து, ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டப் பழகி, இப்போது ஒரு கம்பெனியில் ஒரு வரிசை டைலர்களை மேற்பார்க்கிற லைன் சூப்பர்வைசர். போன வருடம் ஷிப்மென்ட் நெருக்கடியில் மூன்று வாரம் தொடர்ந்து காலை எட்டரைக்கு உள்ளே போனால் நள்ளிரவு ஒரு மணிக்குத்தான் வெளியே வருவேன். சரி, இது நமக்குப் புதுசா என்று இருந்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள் கட்டிங் டேபிள் பக்கத்தில் நிற்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்து, கை மரத்து, மூச்சு முட்டி, இதோடு கதை முடிந்தது என்றே நினைத்தேன். ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை. டாக்டர் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் எப்படி என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்.

பத்து நாள் லீவு கேட்டு லெட்டர் கொடுத்தேன். காரணம் என்று நான் எழுதியது மஞ்சள் காமாலை.

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொல்வார்கள், மேனேஜர் போன் போட்டு விசாரிப்பார். மனநலம் என்று எழுதியிருந்தால் "அவனுக்கு மறை கழண்டுபோச்சு" என்று பேச்சு ஓடியிருக்கும், லைன் வேறு ஆளிடம் போயிருக்கும். கற்பனையாகச் சொல்லவில்லை. எங்கள் செக்கிங்கில் ஓர் அக்கா இருந்தார். வீட்டுக்காரர் தவறிய பிறகு வேலை நடுவே திடீர் திடீரென்று அழுவார். "அழுவறதுன்னா ஊட்டுக்குப் போயி அழுவுங்க" என்றோம். ஆமாம், சொன்னவர்களில் நானும் ஒருவன். ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர் திரும்ப வரவே இல்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது, அது ராத்திரியில் வந்து அறுக்கிறது.

சரக்கு வாங்குகிற பையர் ஆடிட்டுக்கு வருகிறபோது முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறதா, அவசர வழியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா என்று எல்லாவற்றையும் சரி பார்க்கிறோம். விரலில் ஊசி ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். மிஷின் முன்னால் ஒருத்தர் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கத்தத்தான் சொல்லித் தந்தார்கள்.

மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் முழுக்க வருடத்துக்கு 1,200 கோடி வேலை நாட்கள் போகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், தூங்காத டைலர் தைத்த பீஸ்தான் எங்கள் லைனில் ஆல்டரேஷனுக்குத் திரும்பி வருகிறது. 2017ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடம்பு நோய்க்குக் காப்பீடு தருகிற மாதிரியே மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் போகிற இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில் காசநோய், புற்றுநோய் வரிசையில் கடுமையான மனநோயும் நீண்ட கால விடுப்புச் சலுகைப் பட்டியலில் இருக்கிறது. பணம் கட்டுகிற எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இது எங்களுக்காக மட்டும் கேட்பதல்ல. 2011இல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்கு மீதான வரியை 50 சதவீதம் ஆக்கியபோதும் உங்களில் பலர் எப்படி நடமாடினீர்கள் என்று பார்த்தோம். விவசாயக் காட்டை அடமானம் வைத்து மிஷின் போட்டவர்கள் நீங்கள். வெசனத்தை வெளியே சொன்னால் பங்காளி சிரிப்பான் என்று, ஒரம்பரை (விருந்தாளி) வந்தால் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, ராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற பழக்கம் நம் கொங்கு நாட்டில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லைங்க. சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டு அரை நாள், ஒரு மனநல மருத்துவரை வைத்துப் பேச வையுங்கள். 14416 என்ற எண்ணை, அது அரசின் இலவச டெலி-மானஸ் சேவை, எந்நேரமும் எடுப்பார்கள், பஞ்சிங் மிஷின் பக்கத்தில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள். ஊரை விட்டு வந்து ஹாஸ்டலில் கிடக்கிற வடக்குப் பையன்களுக்கு அது ரொம்பத் தேவை. எவ்வளவு ஷிப்மென்ட் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், மனநல டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று ஒருத்தர் எழுதிக் கொடுத்தால், காய்ச்சல் லீவுக்குப் போடுகிற அதே கையெழுத்தைப் போட்டுவிட்டு, அந்த லெட்டரை வேறு யாருக்கும் காட்டாமல் உள்ளே வையுங்கள்.

அடுத்த மாதம் எனக்கு மறுபடி மருத்துவமனை போகிற நாள் வருகிறது. இந்த முறை மஞ்சள் காமாலை என்று எழுதப் போவதில்லை.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரிடம் வேலை பார்க்கிற ஒரு லைன் சூப்பர்வைசர்