பைண்டிங்குக்கு வரும் லைப்ரரிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கலைக் கல்லூரிகளில் கணினிப் படிப்புக்கு விண்ணப்பங்கள் குவிவதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சேர வருகிற கூட்டத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதே கூட்டம் மூன்று வருடம் கழித்து வந்து நிற்கிற இடம் என் கடை. உச்சிப்புளியில் ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங் செய்கிறேன். பங்குனி பிறந்தால் போதும், மண்டபம், தங்கச்சிமடம், பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் கடைசி வருட ப்ராஜெக்ட்டைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். மூன்று காப்பி, நீல அட்டை, தங்க எழுத்து.

இந்த வருடம் வந்ததில் பதினொன்று லைப்ரரி மேனேஜ்மென்ட், அதாவது நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் கணக்குக்கான ப்ரோகிராம். மற்றவை பெரும்பாலும் ஆஸ்பத்திரி, ஹாஸ்டல். வேறு வேறு கல்லூரி, ஆனால் ஸ்கிரீன் ஷாட் ஒன்றேதான். ஒரு தங்கச்சி கொண்டுவந்ததில் நன்றியுரைப் பக்கத்தில் வேறு ஊர்க் கல்லூரிப் பேராசிரியருக்கு நன்றி சொல்லியிருந்தது. காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட். பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள். "மேடம் கண்டுபிடிக்க மாட்டாங்களாம்மா?" என்றேன். "முதல் நாலு பக்கம்தாண்ணே பார்ப்பாங்க" என்றது. பெயரை நானே திருத்திக் கொடுத்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நானும் 2006-இல் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தவன்தான். சி மொழியில் ப்ரோகிராம் எழுதும் டர்போ சி என்ற மென்பொருளின் நீலத்திரையில், அவுட்புட் பார்க்க ஆல்ட்டும் எஃப்5-ம் சேர்த்து அழுத்திப் படித்த தலைமுறை. அது 1990-களின் ஆரம்பத்துச் சரக்கு. இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது, டாஸ்பாக்ஸ் என்று இன்னொன்றைப் போட்டு அதற்குள் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டித்தான் சில லேப்களில் இப்போதும் சொல்லித்தருகிறார்கள் என்பது ரெக்கார்டு நோட்டைப் பார்த்தாலே தெரிகிறது. பழையது என்பதற்காகக் குறை சொல்லவில்லை. டர்போ சி-யில் ஓர் எண்ணை வைக்கும் இடத்தை 'இன்ட்' (முழு எண்) என்று அறிவித்தால் அதில் 32,767-க்கு மேல் நிற்காது. கரையில் ஒரு படகு இறால் 40,000 ரூபாய்க்கு ஏலம் போனால் அந்த ப்ரோகிராம் மைனஸ் 25,536 என்று காட்டும். படகுக்காரர் கடன்பட்டுவிட்டார் என்று அர்த்தம்! லேபில் கொடுக்கிற எண்கள் எப்போதும் 5, 10 என்று இருப்பதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. ஏலக் கணக்கு ஒன்றைக் கொடுத்திருந்தால் முதல் வாரத்திலேயே பட்டிருக்கும்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். எங்கள் கரையில் கணக்குக்குப் பஞ்சமில்லை. அதை லேபுக்குள் விடுங்கள்.

இஃப்-எல்ஸ், அதாவது 'இப்படி என்றால் இது, இல்லையென்றால் அது' என்பதைச் சொல்லித்தர ஒரு பையனின் மார்க் 40-க்கு மேலா கீழா என்று எத்தனை வருடம் கேட்பது? இன்று எந்தப் படகு கடலுக்குப் போகலாம் என்று கேளுங்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அது விசைப்படகுக்கு மட்டும். இதோடு காற்று எச்சரிக்கை வந்தால் யாருக்கும் கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டான டோக்கன் இல்லை. மூன்று நிபந்தனை ஒன்றுக்குள் ஒன்று. அப்புறம், தடைக்காலம் முன்பு 45 நாள்தான், 2017-இல்தான் 61 ஆனது. 45 என்று ப்ரோகிராமுக்குள் பத்து இடத்தில் எழுதி வைத்தவன் பத்து இடத்திலும் தேடித் திருத்த வேண்டும். மாறக்கூடிய எண்ணை ஏன் ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்பது கடற்கரைப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக எதில் புரியும்?

எழுத்துச் சரங்கள், அதாவது சொற்களைக் கையாளும் பாடத்துக்கும் 'மேடம்' என்ற ஆங்கிலச் சொல்லைத் திருப்பிப் போடுவதுதான் காலங்காலமாகப் பயிற்சி. விகடகவியைக் கொடுத்துப் பாருங்கள். திருப்பினாலும் அதே சொல் என்று குழந்தைக்கும் தெரியும். பைதான் என்ற ப்ரோகிராம் மொழியில் சாதாரணமாகத் திருப்பினால் இல்லை என்கிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'வி' என்பது 'வ' தனி, கொக்கி தனி. திருப்பும்போது கொக்கி இடம் மாறிவிடுகிறது. நாம் ஐந்து எழுத்து என்போம், கணினி ஏழு என்று எண்ணும். படகின் பெயர், ஊரின் பெயர் எல்லாம் தமிழில் வரும் ஊரில் இது தெரியாமல் ஒருவர் பட்டம் வாங்குவது சரியா?

விரிவுரையாளர்களை நான் குற்றம் சொல்லவில்லை. ஒருவர் தலையில் எத்தனை வகுப்பு, என்ன சம்பளம் என்பது ஊரறிந்த விஷயம். பாடத்திட்டத்தை மாற்ற முடியாது என்பார்கள், சரி. ப்ராஜெக்ட் தலைப்பையும் லேபில் கொடுக்கிற எண்களையும் துறையே முடிவு செய்யலாமே. இன்னொன்று, வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்று அட்டையைத் தடவிப் பார்ப்பதற்குப் பதில், "இந்த ஒரு வரியை என் முன்னால் மாற்றிக் காட்டு" என்று வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளர் கேட்கட்டும். தேதியைத் தமிழில் காட்டு, அபராதத்தை இரண்டு மடங்காக்கு, இப்படி ஏதாவது. பத்து நிமிட வேலை. இது நடந்தால் என் பைண்டிங் வியாபாரம் பாதியாகும் என்பதைத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் மண்டபத்துப் பையன் ஒருவன் வந்தான். அப்பாவுக்கு நாட்டுப்படகு. படகு ஜி.பி.எஸ்.ஸில் பாயிண்ட், அதாவது கடலில் ஓர் இடத்தின் குறியீடு, டிகிரியும் மினிட்டுமாக இருக்கும், போன் மேப்பில் தசமத்தில் இருக்கும். பாம்பன் பக்கம் 9 டிகிரி 16.8 மினிட் என்றால் போனில் 9.28. மினிட்டை 60-ஆல் வகுக்க வேண்டும். தெரியாமல் 9.168 என்று போட்டால் கிட்டத்தட்ட ஏழு கடல் மைல் தள்ளிப் போய்விடும். இலங்கையோடு செய்த 1974 ஒப்பந்தத்தில் எல்லைக் கோடு போட்ட கடலில் ஏழு மைல் என்றால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாரும் விளக்க வேண்டாம். அப்பாவுக்காக அந்தப் பையன் எக்செலில் ஒரு தாள் தயாரித்து வைத்திருந்தான். பாயிண்ட்டைப் போட்டால் மாற்றித் தரும், எல்லைக்கு எத்தனை மைல் என்றும் சொல்லும். "இதையே ப்ராஜெக்ட்டா வைக்க வேண்டியதுதானேடா" என்றேன். "இதெல்லாம் ப்ராஜெக்ட் இல்லைன்னுட்டாங்கண்ணே" என்றான். அன்று அவன் பைண்டிங் செய்துகொண்டு போனதும் லைப்ரரிதான்.

அந்த எக்செல் தாள் என் கடைக் கணினியில் இன்னும் இருக்கிறது. பாயிண்ட் மாற்ற மாதத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.