நான் கடன்காரியான கதை

அன்புள்ள மல்லிகா,

தையில் எழுதுகிறேன் என்றவள் ஆனியில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் கடன்காரி ஆகிவிட்டேன்.

சிரிக்காதே. எல்லாம் ஒரு மிக்ஸியால் வந்த வினை. பங்குனியில் போனில் பார்த்து வாங்கினேன், 5,400 ரூபாய். 'இப்போது வாங்குங்கள், பிறகு கட்டுங்கள்' என்றது செயலி. மூன்று தவணை, வட்டி கிடையாது. அண்ணாச்சி கடை நோட்டு மாதிரிதானே என்று நினைத்துவிட்டேன். வந்த மிக்ஸியில் சட்னி ஜாரின் அடிவழியே தண்ணீர் ஒழுகி, மோட்டார் கருகிய வாடை வீடெல்லாம். நான்காம் நாளே திருப்பி அனுப்பினேன். எடுத்துப்போன பையன் கொடுத்த சீட்டைப் பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்தது நல்லதாய்ப் போயிற்று.

முழுப் பணத்தையும் செயலிக்கே திருப்பிவிட்டோம் என்கிறார் விற்றவர். வரவே இல்லை என்கிறது செயலி. முதல் தவணை 1,800 நான் கட்டியாயிற்று. மீதி 3,600, தாமதக் கட்டணம் 590, ஆக 4,190 கொடு என்கிறார்கள். இல்லாத மிக்ஸிக்கு!

இதில் செயலி வெறும் தரகர்தானாம். கடன் கொடுத்தது நான் பெயரே கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனம். கடன் விவரத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதி. கொடுத்துத்தான் இருந்தார்கள், பிரித்துப் பார்க்காதவள் நான்.

ஒருநாள் இரவு எட்டரைக்கு வசூல்காரன் கூப்பிட்டான். "ஏழு மணிக்கு மேல் கூப்பிடக் கூடாது தம்பி, விதி இருக்கிறது" என்றேன். "நானும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவன்தான் அக்கா" என்றான். அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை.

இதுவரை வேடிக்கைதான், மல்லிகா. போன வாரம் மகள் கயலின் கல்விக் கடனுக்காக வங்கிக்குப் போனோம். மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கள் பெயரில் நிலுவை இருக்கிறதே" என்றார். கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

"4,190 தானே, தொலைத்துத் தலைமுழுகு" என்கிறார் இவர். கட்டினாலும் தாமதமாகக் கட்டியவள் என்ற பதிவு அப்படியேதான் நிற்கும். இல்லாத கடனை ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும். அதனால் விற்றவரிடம் சண்டை போட்டு, பணம் திருப்பிய பரிவர்த்தனை எண்ணை வாங்கினேன். அதையும் சீட்டின் படத்தையும் இணைத்து நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி இன்றோடு 19 நாள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. மேலாளர் கணினியில் பார்த்தாரே, அந்தக் கடன் அறிக்கையில் இருக்கும் தவறுக்கும் தனியாக மனுப் போட்டிருக்கிறேன். அதற்கும் 30 நாள் கெடு, தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் எனக்குத் தர வேண்டுமாம். கல்லூரிக் கட்டணத்தின் கடைசித் தேதி அதற்காகக் காத்திருக்குமா, சொல்.

என் ரோஷத்துக்கு கயல் விலை கொடுக்க வேண்டுமா என்றும் சில நேரம் தோன்றுகிறது. நீ என்றால் கட்டிவிடுவாயா? மழுப்பாமல் எழுது.

புகாரின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். வங்கியில் இருக்கும் உன் தம்பியிடம் காட்டி, திருத்தம் இருந்தால் உடனே சொல்லச் சொல். சட்னி இப்போது அம்மியில்தான். நீ வரும்போது பாதி நீ அரைக்கிறாய்.

உன்,
வசந்தா