சம்மதம் கேட்டீர்கள், தகவலும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தத்துக் கோப்புகளைப் பார்க்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். டெல்லியில் இருப்பவர்கள், சென்னையில் இருப்பவர்கள், நடுவில் கையெழுத்துப் போடுபவர்கள் என எல்லோரும்தான். எங்கள் கோப்பு இப்போது யார் மேசையில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அவருக்கு மட்டும் எழுதியிருப்பேன்.

நானும் என் கணவரும் அயனாவரத்தில் வளர்ந்தவர்கள். இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறோம்; அமெரிக்கக் குடியுரிமை, கையில் வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை. சென்னையில் ஒரு ஹோமில் இருக்கும் ஒன்பது வயதுப் பெண்ணை எங்கள் மகளாக ஏற்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு, இந்தத் தத்துக்கு நீங்கள் தர வேண்டிய தடையில்லாச் சான்றுக்காக (என்ஓசி) காத்திருக்கிறோம்.

ஏன் பெரிய பிள்ளை என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் 97 வருகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-க்குள் இருக்க வேண்டும். எட்டு வயதுக்கு மேல் என்றால் 110 வரை போகலாம். ஆக, விதி ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. கைக்குழந்தை கேட்டுப் பதிந்தவர்கள் நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். மூன்று நான்கு வருடம் ஆகிறதே என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே கேட்டது. பெரிய பிள்ளைகளைக் கேட்டு யாரும் அப்படி வரிசையில் நிற்பதில்லை. அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருப்பது பிள்ளைகள்.

சோதனைகள் கூடாது என்று சொல்ல வரவில்லை. புளியந்தோப்புப் பக்கம் தெருவில் இருந்த குழந்தைகளைக் கடத்தி, ஒரு நிறுவனத்துக்கு விற்று, அங்கிருந்து வெளிநாட்டுக்குத் தத்து அனுப்பிய கதை 2005-இல் அம்பலமானது. அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்கள் சென்னையில் தேடி அலைந்துகொண்டிருக்க, வெளிநாட்டில் வேறு பெற்றோர் அவர்களை நம்பி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட எவரும் ‘சீக்கிரம் கொடுங்கள்’ என்று வாய் திறக்கத் தயங்குவார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைத் தத்துக்கு விடுவதாக அறிவிக்க, சொந்தபந்தம் தேட நான்கு மாதம் வரை சட்டம் தருகிறது. தரட்டும். என் அம்மா இன்னும் அயனாவரத்தில்தான் இருக்கிறார். ஹோம் அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம். தத்து உத்தரவு வரும்வரை அவர் அந்தப் பிள்ளைக்கு யாரோதான், போய்ப் பார்க்கக் கூடாது. பாட்டிக்கு வருத்தம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

என் மனத்தாங்கல் வேறு.

கைக்குழந்தைக்குத் தன் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும். அவளை உட்காரவைத்து எங்கள் போட்டோவைக் காட்டி, ‘இவங்களோட போறியா?’ என்று கேட்டார்கள். அவளும் யோசித்து, இரண்டு மூன்று கேள்வி கேட்டு (அங்கே நாய் வளர்க்கிறார்களா என்பது ஒன்று), சரி என்றாள். கேட்டது நல்ல காரியம். பிள்ளையின் வயதுக்கும் விவரத்துக்கும் ஏற்ப அதன் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்று சிறார் நீதிச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு சொல்கிறது. 2003-இல் இந்தியா ஏற்புறுதி செய்த, நாடு விட்டு நாடு தத்து பற்றிய ஹேக் உடன்படிக்கையும், தத்துப் போவதென்றால் என்ன, சம்மதம் தந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைக்கு விளக்கச் சொல்கிறது.

அதற்குப் பிறகு அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹோம் அக்காவின் போனில் பேசுகிறோம். பள்ளி திறந்த வாரம் புது நோட்டெல்லாம் கட்டாக மேசையில் இருந்தது. பிரவுன் ஷீட் ரோல் பக்கத்திலேயே, பிரிக்காமல். ‘அட்டை போடணுமா, வேணாமா?’ என்று கேட்டாள். பாதி வருடத்தில் போய்விடுவதென்றால் லேபிளில் பெயர் எழுதுவானேன், வேறு யாராவது பயன்படுத்திக்கொள்ளலாமே என்பது அவள் கணக்கு. போடு கண்ணு, என்றேன். வேறென்ன சொல்ல? கூட இருக்கும் பிள்ளைகள் ‘நீதான் அமெரிக்கா போறியே’ என்று முதலில் பொறாமைப்பட்டார்கள். இப்போது கேலி செய்கிறார்கள். என்ஓசி என்பது அவள் வாயில் சர்வ சாதாரணமாக வருகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய எழுத்துகளா அவை?

நாங்கள் விசாரித்தால் ‘ப்ராசஸ்ல இருக்கு’ என்று பதில் வருகிறது. அந்த இரண்டு சொற்களை நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்வது?

தேவையான தாள்கள் சேர்ந்ததும் பத்து நாளில் தடையில்லாச் சான்று தர வேண்டும் என்கின்றன 2022-ஆம் ஆண்டு தத்து விதிமுறைகள். அந்த ஆண்டு செப்டம்பரில் தத்து உத்தரவு போடும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியரிடம் வந்தது. இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். ராஜாஜி சாலையில் அமர்ந்திருக்கும் ஆட்சியருக்கு டிசம்பர் மழை, தேர்தல், பட்டா என்று நூறு வேலை இருக்கும், அதுவும் புரிகிறது. எங்கள் கோப்பு இன்னும் அதுவரை போகவே இல்லை. இந்தப் பக்கம், அமெரிக்கக் குடிவரவுத் துறை தரும் முன் ஒப்புதல் 15 மாதம்தான் செல்லும். அது தீர்ந்தால் மறுபடி விரல்ரேகை, மறுபடி எங்கள் வீட்டையும் குடும்பத்தையும் பார்த்து எழுதும் ஹோம் ஸ்டடி, மறுபடி பணம். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் எங்களைப் போல இன்னொரு குடும்பம் பதினைந்து வயதுப் பிள்ளைக்காகக் காத்திருந்தால் என்ன ஆகும்? 18 வயது வரை தத்துக் கொடுக்கலாம் என்கிறது இந்தியா. 16 நிறைவதற்குள் மனு போட்டாக வேண்டும் என்கிறது அமெரிக்கா. அந்தப் பிள்ளையின் பிறந்தநாள் உங்கள் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதப்பட வேண்டிய தேதி.

நான் கேட்பது செலவில்லாத காரியம். சம்மதம் கேட்ட பிள்ளைக்கு மாதம் ஒருமுறை, அவள் பெயருக்கே, நான்கு வரி எழுதுங்கள்: கோப்பு இன்ன இடத்தில் இருக்கிறது, இன்ன தாள் வர வேண்டும், அடுத்து இது நடக்கும். புதிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் போய் உட்கார்ந்து வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது. பிள்ளை எங்களிடம் வந்த பிறகு இரண்டு வருடத்தில் ஆறு அறிக்கை கேட்கிறீர்கள். சந்தோஷமாக அனுப்புவோம். வருவதற்கு முன்னால் அவளுக்கு ஓர் அறிக்கைகூடக் கிடையாது என்பதுதான் உறுத்துகிறது.

சான்று தாமதமாகும் என்றால் தாமதமாகும் என்றே சொல்லுங்கள். அரையாண்டுத் தேர்வு இங்கேதான், முழுப் பரீட்சையும் இங்கேதான் என்று தெரிந்தால் அவள் அதற்கேற்ப இருந்துகொள்வாள். கூடப் படிக்கும் பிள்ளைகளோடு ஆண்டு விழா டான்ஸில் சேரலாமா கூடாதா என்று முடிவெடுக்கவாவது முடியும். இந்தமுறை டீச்சர் பெயர் கேட்டபோது, பாதியில் போய்விட்டால் டான்ஸ் கெட்டுவிடும் என்று தானாகவே ஒதுங்கிக்கொண்டாளாம்.

இந்த மடலுக்குப் பதில் எழுத நேர்ந்தால் எங்களுக்கு வேண்டாம். எங்களுக்கு ஏஜென்சி இருக்கிறது, மின்னஞ்சல் இருக்கிறது. அவளுக்கு எழுதுங்கள். ஹோம் முகவரி கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கும். தமிழ் நன்றாகவே வாசிப்பாள்.

இப்படிக்கு,
அயனாவரத்துக்காரி ஒருத்தி, நியூ ஜெர்சியிலிருந்து