கயலுக்கு, அப்பா

கயல்,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வாட்ஸ்அப்பில் நீல டிக் வராமல் செய்துவிட்டாய், சரி, உன் இஷ்டம். குரூப்பில் மட்டும் அதை மறைக்க முடியாதாம். அதனால்தான் உன்னிடம் தனியாகக் கேட்க வேண்டியதையும் குடும்ப குரூப்பில் போடுகிறேன். நீ படித்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும், அப்புறமும் பதில் இல்லை.

எங்கள் பேங்க் மூழ்கப்போகிறது என்று புரளி கிளம்பிய கதைதான் ஞாபகம் வருகிறது. அன்று கேஷ் கவுண்டரில் வரிசையாக நின்றவர்களில் பாதிப் பேருக்கு அது பொய் என்று தெரியும். "எனக்குத் தெரியும் சார், மத்தவன் நம்பி எடுத்துட்டா என் பணம் என்ன ஆகும்?" என்றார் மளிகைக்கடை அண்ணாச்சி. என்ன பதில் சொல்வது? அடுத்தவனுக்கும் தெரியும் என்பது தெரியாதவரைக்கும் அவனவன் பயந்துகொண்டுதான் நிற்பான். 1960-ல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பேங்க் மூடிய பிறகு, 1962-ல் டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் கொண்டுவந்தார்கள், பேங்க் மூழ்கினாலும் ஒரு தொகை வரைக்கும் பணம் திரும்பக் கிடைக்கும். எங்கள் நாளில் 1 லட்சம் வரைக்கும், 2020-லிருந்து 5 லட்சம். அன்று வரிசையில் நின்றவர்களிடம் இதைக் காதோடு காதாகச் சொன்னபோது யாரும் நகரவில்லை. அதையே பெரிய எழுத்தில் எழுதி ஹாலில் ஒட்டச் சொன்னதும், நான் நடுவில் நின்று சத்தமாகப் படித்துக் காட்டியதும்தான் வரிசை கரைந்தது. மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை, அது வேறு.

நம் வீட்டிலும் அதேதான். அம்மாவுக்குத் தெரியும். கரூர் அத்தைக்குத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதால் எல்லாரும் தெரியாத மாதிரி நடக்கிறோம். தீபாவளிக்கு உங்கள் அம்மா மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்து வைத்தாள், நானும் கரை நன்றாக இருக்கிறது என்றேன்.

நான் எதையும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். பாஷை தெரியாத புனேயில் தனியாகப் போய் இறங்கி வேலை வாங்கியவள் நீ, உன்னைப் பற்றி நான் பேசாத ஆள் இல்லை. அவ்வளவு துணிச்சல்காரிக்குப் பெற்றவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா? சரி விடு. வேளைக்குச் சாப்பிடு, காலையில் வெறும் காபியோடு ஓடாதே.

பொங்கலுக்கு ரிசர்வேஷன் 60 நாள் முன்னால்தான் திறக்கும், திறந்த உடனே போட்டால்தான் கிடைக்கும். டிக்கெட் ஒன்று போடவா, இரண்டு போடவா? ஒன்றா, இரண்டா என்று மட்டும் அனுப்பு. குரூப்பிலேயே போட்டாலும் பரவாயில்லை.

அப்பா