கணினி திறந்ததும் அறிவிப்புச் செயலிகள் தானாக ஓட (விண்டோஸ் 11)

உறுப்பினர்களுக்கு வணக்கம். மெயில், சாட், நினைவூட்டிச் செயலிகள் லாகின் செய்ததும் தானே தொடங்க, முதலில் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் ஸ்டார்ட்அப் பாருங்கள். பெயர் இருந்தால் சுவிட்சை ஆன் செய்தால் போதும்.

இல்லையென்றால் விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, 'ஷெல்:ஸ்டார்ட்அப்' (shell:startup) என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். திறக்கும் ஃபோல்டரில் செயலியைத் திறக்கும் குறுக்குவழியான ஷார்ட்கட்டை மட்டும் போடுங்கள். செயலிக் கோப்பையே நகர்த்தினால், அதற்கு வேண்டிய துணைக்கோப்புகள் பழைய இடத்திலேயே நின்றுவிடும், பெரும்பாலும் திறக்காது.

அட்மின் அனுமதி கேட்கும் செயலிகளுக்கு இந்த வழி சரிவராது. செயலிகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலரில், லாகின் ஆகும்போது ஓடும்படி டிரிகர் (எப்போது தொடங்க வேண்டும் என்ற அமைப்பு) வையுங்கள். 30 விநாடி தாமதமும் கொடுங்கள், நெட் இணைய நேரம் வேண்டும். உச்ச அனுமதிக்கான டிக்கும் (Run with highest privileges) அவசியம். லேப்டாப் வைத்திருப்பவர்கள் கண்டிஷன்ஸ் பகுதியைக் கட்டாயம் பாருங்கள்: மின் இணைப்பில் இருந்தால் மட்டும் ஓடு என்ற டிக் முதலிலிருந்தே விழுந்திருக்கும். அதை எடுக்காவிட்டால் பேட்டரியில் செயலி தொடங்காது. பலரும் தடுமாறுவது இங்கேதான்.

செயலி ஓடியும் அறிவிப்பு வரவில்லையா? அறிவிப்புகளை நிறுத்திவைக்கும் 'டூ நாட் டிஸ்டர்ப்' ஆனில் இருக்கிறதா பாருங்கள்.

இரவில் அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரையிலேயே நிற்கும் கணினியில் அறிவிப்புகளை நம்பியிருக்க வேண்டாம். கடவுச்சொல் கொடுத்து உள்ளே போன பிறகுதான் இவை ஓடும்.