ஓய்வு பெறும் தலைமை ஆசிரியருக்கு, ஓர் உடற்கல்வி ஆசிரியர்

மதிப்பிற்குரிய ஐயா,

பணி நிறைவு விழா அழைப்பிதழ் கிடைத்தது. வாழ்த்துரை வழங்குவோர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். மேடை ஏறினால் புகழ்ந்துவிட்டு இறங்கிவிடுவேன்.

கணக்கு அலகுத் தேர்வு நாளில், உங்கள் கையெழுத்துக்குக் காத்திராமல், நம் மாணவன் ஒருவனை ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தில் நடந்த வருவாய் மாவட்டப் போட்டிக்கு அழைத்துப் போனேன். இரவல் வாங்கிய ஸ்பைக்ஸ் காலணி காலைக் கடிக்கிறது என்று தொடக்கக் கோட்டிலேயே கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, 1500 மீட்டரை வெறுங்காலோடு ஓடி மூன்றாவதாக வந்தான். திரும்பும்போது, பாம்பன் பாலத்துக் காற்றில் பறந்துவிடும் என்று சான்றிதழைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். மறுநாள் அதை நீட்டியவனிடம், "கணக்குத் தேர்வு என்னாயிற்று?" என்றுதான் கேட்டீர்கள்.

அனுமதியின்றிப் போனதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டால் தரமாட்டீர்கள் என்பதால்தான் போனேன்; ஆகவே மன்னிப்பில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பிறகு உங்கள் அறையில் பேசியதை, நம் மாணவர்கள் பலரும் இதைப் படிப்பார்கள் என்பதால், எழுதவில்லை.

இரவு வகுப்பில், மின்சாரம் போனாலும் கைப்பேசி வெளிச்சத்தில் மீனவப் பிள்ளைகளுக்கு வடிவியல் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்; சுண்டலுக்கான காசும் உங்களுடையதுதான். அவர்களைப் படகேறாமல் தடுக்க மதிப்பெண் ஒன்றே வழி என்று நம்பினீர்கள். அந்த அக்கறையை இன்றும் கும்பிடுகிறேன்.

ஆனால், மதிப்பெண் வராத ஒருவனைப் பள்ளிக்குள் பிடித்து வைத்திருந்தது எது? விடியலில் மைதானத்துக்கு வந்தவன் அப்படியே வகுப்புக்கும் போனான். நீங்கள் பயிற்சியை நிறுத்தியதும் வகுப்புக்கு வருவதும் குறைந்தது. ஜூன் 14உடன் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் புறப்பட்டபோது அவனும் ஏறிவிட்டான். மாநிலப் போட்டி வரை போயிருப்பானா என்று என்னால் சொல்ல முடியாது. பத்தாம் வகுப்பு வரை வந்திருப்பான்.

"ஓட்டம் சோறு போடுமா?" என்பீர்கள். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அது எல்லோருக்கும் எட்டாது என்பதும் உண்மை. கணக்கில் நூறும் எல்லோருக்கும் எட்டுவதில்லையே, ஐயா. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றபோது, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நீங்களே செய்தியை வாசித்துக் கைதட்டச் சொன்னீர்கள். அவரைத் தாண்ட வைத்தவரும் ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்தான். அன்றைய விளையாட்டுப் பாடவேளையில் நம் பள்ளியில் கணக்குத் தேர்வு நடந்தது. பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நமக்கு மைதானம் இருந்தது, பிள்ளைகளை அதில் இறங்கத்தான் விடவில்லை.

மே 31 வரை பொறுப்பு உங்களுடையது. அடுத்த ஆண்டுக் கால அட்டவணையில், ஒன்பதாம் வகுப்பின் இரண்டு உடற்கல்விப் பாடவேளைகளிலும் பென்சிலால் 'கணக்கு' என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். அதை அழித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அழிக்காவிட்டாலும் விழாவுக்கு வருவேன். சால்வையை மட்டும் வேறு யாராவது போர்த்தட்டும்.