கடிக்கிற பிள்ளைக்கு வார்த்தை கொடு

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம்.

உன் அங்கன்வாடியில் கடிக்கிற அந்த இரண்டரை வயதுப் பையனை நிறுத்தச் சொல்லி மற்ற அம்மாக்கள் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து நிறுத்திவிடாதே. அந்த வயதில் கடிப்பது கெட்ட குணம் இல்லை. கோபம் வந்துவிடுகிறது, சொல்ல வார்த்தை வரவில்லை, பல் முந்திக்கொள்கிறது. பசி, தூக்கம், இட நெருக்கடி, பல் முளைக்கும்போது ஈறுகளில் வரும் வலி எல்லாம் அதோடு சேரும்.

முதலில் ஒரு வாரம் நோட்டில் குறித்து வை: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யாரை, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. ஐந்தாறு முறை எழுதினாலே ஏதோ ஒரு நேரமோ பொருளோ திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் தெரிந்துவிடும். சாப்பாட்டுக்கு முந்தைய அரைமணி நேரம் என்றால் சத்துமாவு உருண்டையை முன்னதாகவே கொடு. கை கழுவும் வரிசை என்றால் நான்கு நான்கு பேராக அனுப்பு.

பொம்மைச் சண்டை என்றால், ‘பகிர்ந்து விளையாடு’ என்பது இன்னும் எடுபடாது. பக்கத்தில் உட்கார்ந்தாலும் தனித்தனியே விளையாடுகிற வயது அது. குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். பத்து விதப் பொம்மையில் ஒவ்வொன்று வாங்குவதைவிட, அடிபிடி நடக்கிற ஒன்றில் மூன்று வாங்கு. அதற்கு வழியில்லை என்றால் முறை வை. ‘ரெண்டு நிமிஷம்’ அவர்களுக்குப் புரியாது. ஒரு பாட்டு முடியும்வரை ஒருவன், அடுத்த பாட்டுக்கு அடுத்தவள்.

கடித்துவிட்டால் முதலில் கடிபட்ட குழந்தையிடம் போ. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணி வை; தோல் கிழிந்திருந்தால் மருத்துவரிடம் அனுப்பு. பிறகு இவனருகே குனிந்து, கண்ணுக்கு நேராக, தாழ்ந்த குரலில் இரண்டே வாக்கியம்: “கடிச்சா வலிக்கும். வண்டி வேணும்னா கையை நீட்டி ‘எனக்குக் குடு’ன்னு கேளு.” அங்கேயே ஒருமுறை கேட்க வை. நீளமாகப் பேசினால் காதில் ஏறாது. ‘சாரி சொல்லு’ என்று நெருக்கவும் வேண்டாம். அந்தச் சொல்லைச் சொன்னால் தப்பிக்கலாம் என்பதைத்தான் கற்றுக்கொள்வான். ஈரத்துணியை அவனே எடுத்து வரட்டும். திருப்பிக் கடித்துக் காட்டுவதும், ‘கடிக்கிற பாப்பா’ என்று பட்டம் வைப்பதும் கூடவே கூடாது.

மூச்சை நிதானிக்கப் பழக்குவது அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போது நடக்க வேண்டும். கோபத்தின் உச்சியில் எந்தப் பாடமும் ஏறாது. உள்ளங்கையைக் கிண்ணமாக வைத்து, சூடான கஞ்சியை ஊதி ஆற்றுவதுபோல மூன்று ஊதல், தினமும் காலையில் விளையாட்டாக. சுவரில் சந்தோஷம், அழுகை, கோபம், பயம் என நான்கு முகம் போதும். எட்டு வைத்தால் குழம்பும். வரும்போதே எந்த முகம் என்று தொட்டுக் காட்டட்டும்.

பெற்றோரிடம், கடித்தது யார் என்ற பெயரைச் சொல்லாதே. என்ன செய்கிறாய் என்பதைச் சொல். அவன் அம்மாவிடம் மட்டும் ஒன்று தனியாகக் கேட்டுக்கொள்: ‘டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்’ என்று வீட்டில் மிரட்ட வேண்டாம். உன்னைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளை, அழுகை வந்தால் உன் மடிக்கு வரமாட்டான்.

குறிப்பு எழுதி முடிந்ததும் எந்த நேரத்தில் அதிகம் என்று எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மல்லிகா